சுவிட்சின் மேல் சந்தனப் பொட்டு

செப்டம்பர் 2, திங்கள்

இன்றும் பூஜ்யம்.

மூன்று நாள் விளக்கு எரிந்தது. மூன்று நாளும் கல்லூரி முடிந்து பஸ் பிடித்துப் பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு ஓடினேன். பாட்டிலிலிருந்து வாயு வந்து சேரக் கவிழ்த்து வைத்த அளவுஜாடியில் ஒரு குமிழி கூட இல்லை. தண்ணீர் மட்டம் வைத்த இடத்தில் அப்படியே நிற்கிறது.

பிப்ரவரியில் இதே பொடி, இதே விளக்கு, எழுபது மில்லி வாயு. சோதித்துப் பார்த்ததில் பாதிக்குப் பாதி ஹைட்ரஜன். அதை நம்பித்தான் கட்டுரை எழுதி அனுப்பினோம். அதற்குப் பிறகு ஒரு முறை ஐம்பத்தெட்டு, ஒரு முறை பன்னிரண்டு, இரண்டு முறை பூஜ்யம். என் வினையூக்கிக்கு என்ன கேடு வந்தது என்று தெரியவில்லை. யூரியாவை மூடிய கிண்ணத்தில் போட்டு ஐந்நூற்றைம்பது டிகிரியில் சுட்டு, துளி நிக்கல் சேர்த்தால் கடலை மாவு நிறத்தில் ஒரு பொடி கிடைக்கும். ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீரில் அதைக் கலந்து நீல வெளிச்சம் காட்டினால், நீரில் இருக்கும் அமிலங்களை உடைத்து எரிபொருள் தர வேண்டும். ஏழு வருடமாக இந்த ஒரு வாக்கியத்தைத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இத்தனைக்கும் இந்த முறை பாட்டில் நாறுகிறது என்று ஆய்வக உதவியாளர் பச்சையம்மாள் சத்தம் போட்டதால் பிளீச்சிங் பவுடர் போட்டு மூன்று தடவை கழுவியிருந்தேன். பளபளவென்று இருந்தது. அவ்வளவு சுத்தமான பாட்டிலில் கூட வராதாம்.

செப்டம்பர் 5, வியாழன்

ஆசிரியர் தினம். மாணவிகள் ஒரு பேனா கொடுத்தார்கள். எழுதவில்லை.

மதியம் ஆய்விதழிலிருந்து மின்னஞ்சல். நிராகரிக்கவில்லை! திருத்தி அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். நவம்பர் 4 வரை அவகாசம். மதிப்பீட்டாளர் ஐந்து கேள்வி கேட்டிருக்கிறார். முதல் நான்கும் உப்புச் சப்பில்லாதவை, ஒரு வாரத்தில் எழுதிவிடலாம். ஐந்தாவது: ‘வெளிச்சம் இல்லாதபோது வாயு வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த இருட்டுச் சோதனையை ஆலைக் கழிவுநீரிலேயே செய்தீர்களா?’

தூங்கி எழுந்து கேட்ட கேள்வி. வெளிச்சத்தில் வேலை செய்யும் பொடி இருட்டில் எப்படி வேலை செய்யும்?

வழிகாட்டி இளம்பரிதி சாருக்கு போன் செய்தேன். என்னைவிட ஏழு வயது சின்னவர், அதனால் நான் அவரை ‘சார்’ என்றும் அவர் என்னை ‘மேடம்’ என்றும் அழைத்து ஒப்பேற்றுகிறோம். “சூப்பர் மேடம், இதோட தீசிஸ் சப்மிட் பண்ணிடலாம்” என்றார். டிசம்பர் 31 என் பதிவின் கடைசி நாள். இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாயிற்று, இனி கிடையாது. இந்தக் கட்டுரை வெளிவந்தால்தான் ஆய்வேட்டைக் கொடுக்க முடியும்.

செப்டம்பர் 8, ஞாயிறு

ஆத்தூர் பக்கம் ஆலைக்குப் போய் இருபது லிட்டர் கேனில் கழிவுநீர் பிடித்து வந்தேன். இந்த சீசனில் முதல் லோடு கிழங்கு வந்திறங்கியிருக்கிறது. ஊறவைத்த அரிசி புளித்து, அதன் மேல் யாரோ வெண்ணெயைக் கெடவிட்டது போன்ற வாசனை. என் சேலைகளில் பாதிக்கு இப்போது இதே வாசனைதான்.

சூப்பர்வைசர் சென்றாயன் கேனைப் பஸ்ஸில் ஏற்ற உதவினார். நல்ல மனிதர், வாய்தான் ஓயாது. தொட்டிக்குப் பக்கத்தில் கறுப்பு ரப்பர் கூடாரம் மாதிரி உப்பிக் கிடக்கிறதே, அவர்களுடைய சாண எரிவாயுக் கலம் போன்ற ஒன்று, அதன் நிழலில்தான் எப்போதும் நின்று பேசுவோம்.

“இதுலயும் கேஸ்தானுங் வருது. நீங்க எதுக்குங் இந்தத் தண்ணிய சேலத்துக்குச் சுமந்துட்டுப் போறீங்க?”

“இது வேறங்க. இது கிருமி பண்ற மீத்தேன். மெதுவா வரும். என்னுது வெளிச்சம் பண்றது. ஹைட்ரஜன்.”

“அப்புடிங்களா. எங்குளுது தார்ப்பாய் போட்டு மூடி வெச்சாலும் உப்பிக்கிதுங்” என்றார்.

விளக்கிச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. பஸ் வந்துவிட்டது.

செப்டம்பர் 13, வெள்ளி

அறுபத்துநான்கு!

புதுத் தண்ணீர், திங்கள் மதியம் தொடங்கியது. முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாளிலிருந்து கிடுகிடுவென்று ஏறியது. பாட்டிலைத் தொட்டால் குழந்தைக்கு ஊற்றும் வெந்நீர் பதத்தில் கதகதவென்று இருந்தது, விளக்கின் சூடு. ஆய்வகத்தில் யாரும் இல்லாததால் நான் ஒரு ஆட்டம் போட்டேன் என்பதை இங்கே மட்டும் எழுதிக்கொள்கிறேன். வீட்டுக்கு அல்வா வாங்கிப் போனேன். அவர், “என்ன விசேஷம்?” என்றார். “அறுபத்துநாலு” என்றேன். ஏதோ மார்க் என்று நினைத்திருப்பார்.

செப்டம்பர் 19, வியாழன்

ஐந்து. அறுபத்துநான்கு இல்லை, ஐந்து!

அதே கேன். அதே பொடி. ஒரு வாரமாகக் குளிர்பெட்டியில் வைத்திருந்த மிச்சத் தண்ணீர், அவ்வளவுதான் வித்தியாசம். குளிர்பெட்டியில் வைத்தால் அமிலம் எங்கே ஓடிவிடும்? அளந்தும் பார்த்தேன், அப்படியே இருக்கிறது. தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல ஆத்திரமாக வந்தது. பச்சையம்மாள் பின்னால் நின்று, “ஊசிப்போனது வேலைக்கு ஆவாதுங்க டீச்சரம்மா, எதுவும் புதுசா இருக்கோணும்” என்றார். கழிவுநீரில் ஏது புதுசு, ஏது பழசு?

இருட்டுச் சோதனையை இன்று வைத்துவிடலாம் என்றிருந்தேன். பாட்டிலைச் சுற்ற அலுமினியத் தாள் தீர்ந்துவிட்டது.

செப்டம்பர் 26, வியாழன்

சார் பதில்களைப் படித்தார்.

“நாலும் பக்காவா இருக்கு மேடம். அஞ்சு மட்டும் ஏன் காலியா இருக்கு?”

“எழுதிடறேன் சார்.”

“டார்க் கன்ட்ரோல் பண்ணினதுதானே? பேப்பர்லயே எழுதியிருக்கோமே.”

“ஆமா சார்.”

“அப்புறம் என்ன, ஒரு லைன்தானே?”

ஒரு வரிதான். பஸ்ஸில் வரும்போது மனதுக்குள் எழுதிப் பார்த்தேன். கொண்டலாம்பட்டி ரவுண்டானா வருவதற்குள் நான்கு விதமாக எழுதிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் தோசைக்கு மாவு ஆட்டினேன்.

அக்டோபர் 4, வெள்ளி

கல்லூரியில் சுற்றறிக்கை. முனைவர் பட்டம் இல்லாத விரிவுரையாளர்களுக்கு வரும் டிசம்பருக்குப் பிறகு பணி நீட்டிப்பு இல்லை. கீழே பெயர்ப் பட்டியல். மூன்றாவது பெயர்: கோகிலவாணி, வேதியியல். ‘படித்தேன்’ என்று கையெழுத்துப் போட வைத்தார்கள். பதினாறு வருடம் வேலை பார்த்த இடம். மாணவிகள் கொடுத்த பேனாவால்தான் போட்டேன், அது அப்போது பார்த்து நன்றாக எழுதியது.

அக்டோபர் 10, வியாழன்

பயங்கரக் கோபத்தில் எழுதுகிறேன்.

நேற்று சென்றாயனிடம் சொல்லி, சேலம் பஸ்ஸில் கண்டக்டர் பொறுப்பில் ஒரு கேன் அனுப்பச் சொன்னேன். காலையில் போய் வாங்கினேன். “இனிமே இதைப் பஸ்ல ஏத்தினா நான் இறங்கிக்குவேன்” என்றார் கண்டக்டர். கல்லூரிக்கு அரை நாள் விடுப்பு. பதினோரு மணிக்கு எல்லாம் தயார்: புதுத் தண்ணீர், புதுப் பொடி, நைட்ரஜன் விட்டுக் காற்றை வெளியேற்றியாயிற்று. விளக்கைப் போடப் போனால் பச்சையம்மாள் சந்தனக் கிண்ணத்தோடு வந்து நிற்கிறார்.

நாளை ஆயுத பூஜை. விடுமுறை என்பதால் துறையில் இன்றே பூஜை. எல்லாக் கருவிகளையும் துடைத்துப் பொட்டு வைத்தாயிற்றாம், என் விளக்குதான் பாக்கியாம். பூஜை போட்டால் சனிக்கிழமை விஜயதசமிக்குப் பிரித்து எடுக்கும் வரை எதையும் இயக்கக் கூடாதாம்.

“பச்சையம்மா, இது மூணு நாள் ஓட வேண்டியது. இன்னிக்கு விட்டா தண்ணி வீணாயிடும்.”

“வருசம் பூரா அதைப் போட்டு எரிக்கறீங்க. ரெண்டு நாளு அதுக்கும் ஓய்வு குடுங்க டீச்சரம்மா. நீங்க குடுக்கலைன்னா அதுவா எடுத்துக்கும், பொறவு ரிப்பேர்காரனைத் தேடோணும்.”

சாரிடம் போனேன். பொரிகடலையை மென்றுகொண்டே, “விடுங்க மேடம், டிபார்ட்மென்டே ஆஃப்ல இருக்கு” என்றார். வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர்!

பச்சையம்மாள் விளக்குக்கு ஒரு பொட்டு வைத்தார். அளவுஜாடிக்கு ஒன்று. சுவரில் இருக்கும் சுவிட்சின் மேல் கட்டை விரலால் குழைத்துத் தாராளமாக ஒன்று அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தார். ஜன்னலை எல்லாம் அடைத்து, கறுப்புத் திரையை இழுத்துவிட்டு, பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். என் பாட்டில் உள்ளே இருட்டில் கிடக்கிறது. இருபது லிட்டர் நல்ல தண்ணீர்.

அக்டோபர் 11, வெள்ளி

வீட்டில் பூஜை. அவருடைய ஸ்கூட்டர், என் தையல் மெஷின், பிரஷர் குக்கர். சுண்டலில் உப்பு கூடிவிட்டது.

அக்டோபர் 12, சனி

ஒன்பது மணிக்கெல்லாம் ஆய்வகத்தில் இருந்தேன். பச்சையம்மாள் பூட்டைத் திறந்து கற்பூரம் காட்டினார். நான் நேராக என் பாட்டிலிடம் போனேன்.

ஜாடியில் நாற்பத்தொன்று.

யாரோ விளக்கைப் போட்டிருக்கிறார்கள். அதுதான் முதலில் தோன்றியது. வாட்ச்மேனைப் போய்க் கேட்டேன், சாவியே தன்னிடம் இல்லை என்றார். பச்சையம்மாளைக் கேட்டேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

“நானே பூட்டி நானே வந்து தொறப்பனுங்களா? அங்க பாருங்க.”

சுவிட்சின் மேல் அவர் அப்பிய சந்தனம் சுவிட்சுக்கும் பலகைக்கும் சேர்த்துக் காய்ந்து ஓடாக ஒட்டியிருந்தது. ஒரு விரிசல் இல்லை. நடுவில் குங்குமம் வட்டம் மாறாமல் இருந்தது. யாராவது தொட்டிருந்தால் உதிர்ந்திருக்கும். நானே அழுத்தினேன். பொலபொலவென்று கொட்டியது.

வாயுவைச் சோதிக்கக் கொடுத்தேன். பாதிக்குப் பாதி ஹைட்ரஜன்.

அக்டோபர் 14, திங்கள்

மழை. உள்தேர்வு மேற்பார்வை. ஒரு மாணவி காப்பி அடித்தாள். தாளைப் பிடுங்கி, வாய்க்கு வந்தபடி திட்டி, வெளியே நிற்க வைத்தேன். பிறகு ஏனோ கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டேன்.

அக்டோபர் 17, வியாழன்

ஐந்தாவது பதிலைத் தட்டச்சு செய்துவிட்டேன். ‘ஆம். கழிவுநீரிலும் இருட்டுச் சோதனை செய்யப்பட்டது. வாயு எதுவும் வரவில்லை.’

அனுப்பவில்லை. சேமித்து வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 18, வெள்ளி

இந்த நோட்டை யாரும் படிப்பதில்லை. இதிலுமா பொய் எழுதுவேன் என்று கேட்டால், எழுதியிருக்கிறேன்.

செப்டம்பர் 19 அன்று அலுமினியத் தாள் தீரவில்லை. அரை ரோல் அலமாரியிலேயே இருந்தது, இப்போதும் இருக்கிறது. பிப்ரவரியில் இருட்டுச் சோதனை செய்தேன்தான். ஆனால் கடையில் வாங்கிய லாக்டிக் அமிலத்தைச் சுத்த நீரில் கலந்து செய்தேன். அதில் வாயு வரவில்லை. ஆலைத் தண்ணீரில் செய்யவில்லை. கட்டுரையில் எழுதும்போது ‘இருட்டில் வாயு வரவில்லை’ என்று மொட்டையாக எழுதினேன். எந்தத் தண்ணீர் என்று எழுதவில்லை. மறந்துபோய் விட்டதில்லை. எழுதி, அழித்துவிட்டு, மொட்டையாக வைத்தேன். எழுபது மில்லியைப் பார்த்த பிறகு அதைத் தொந்தரவு செய்ய எனக்கு மனம் வரவில்லை.

இப்போது எல்லாம் வரிசையாக ஞாபகம் வருகிறது. பிளீச்சிங் பவுடரில் கழுவிய பாட்டிலில் பூஜ்யம். குளிர்பெட்டித் தண்ணீரில் ஐந்து. முதல் நாள் சும்மா இருந்துவிட்டு இரண்டாம் நாள் கிடுகிடு. விளக்கு கொடுத்தது வெளிச்சம் இல்லை, கதகதப்பு. அந்த ரப்பர் கூடாரத்தின் நிழலில் நின்றுகொண்டே ஏழு வருடம் தண்ணீர் பிடித்திருக்கிறேன், என்னைப் போல ஒரு முட்டாள் உண்டா? மீத்தேன் வருவதற்கு முந்தைய கட்டத்தில் கிருமிகள் ஹைட்ரஜன் விடும் என்பது நான் இரண்டாம் ஆண்டுக்கு நடத்துகிற பாடம்.

அக்டோபர் 20, ஞாயிறு

ஒருவேளை அப்படி இல்லாமலும் இருக்கலாம். ஒழுங்காகப் பார்த்துவிட வேண்டும். கிருமியைக் கொல்ல வேண்டும். ஆய்வகத்தின் கிருமிநீக்கி மூன்று மாதமாக ரிப்பேர். எனவே காலையில் ஆலைக்குப் போய்ப் புதுத் தண்ணீர் பிடித்து வந்து, வீட்டு பிரஷர் குக்கரில் இரண்டு பாட்டில் தண்ணீரை வைத்து, முக்கால் மணி நேரம் அடுப்பில் விட்டேன். ஆயுத பூஜைப் பொட்டு இன்னும் மூடியில் இருந்தது.

அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றார். பெயர் முருகவேல் என்றாலும் கல்யாணமான நாளிலிருந்து இந்த நோட்டில் ‘அவர்’தான்.

“என்ன கொழம்பு இது?”

“கொழம்பு இல்லீங்க. என் வேலை போகுமா இருக்குமான்னு பார்க்கறேன்.”

பகடி செய்யப் போகிறார் என்று நினைத்தேன். ஜன்னலை எல்லாம் திறந்துவிட்டு, “எத்தனை விசிலு?” என்று கேட்டு, நாற்காலியைப் போட்டு எண்ண உட்கார்ந்தார். அப்போது எனக்கு அழுகை வந்தது. வெங்காயம் கூட நறுக்கவில்லை, சாக்குச் சொல்ல.

அக்டோபர் 21, திங்கள்

நான்கு பாட்டில். நான்கிலும் பொடி. வேகவைக்காதது ஒன்று வெளிச்சத்தில், ஒன்று தாள் சுற்றி இருட்டில். வேகவைத்தது ஒன்று வெளிச்சத்தில், ஒன்று இருட்டில். நான்கும் அதே விளக்கின் பக்கத்தில், அதே கதகதப்பில். தாள் அரை ரோலும் தீர்ந்தது.

அக்டோபர் 24, வியாழன்

வேகவைக்காதது, வெளிச்சம்: அறுபத்தாறு.
வேகவைக்காதது, இருட்டு: அறுபத்திரண்டு.
வேகவைத்தது, இருட்டு: பூஜ்யம்.
வேகவைத்தது, வெளிச்சம்: நான்கு.

அக்டோபர் 25, வெள்ளி

சாரிடம் நோட்டைக் கொடுத்தேன். ஆய்வக நோட்டை, இதை இல்லை. அவர் அந்த நான்கு எண்களையும் வெகுநேரம் பார்த்தார்.

“இதை யாரு பார்த்தா?”

“நான் பார்த்தேன் சார்.”

“வேற யாரும்?”

“பச்சையம்மா. ஆனா அவங்களுக்கு இது புரியாது.” சொல்லும்போதே, அவருக்குத்தான் முதலில் புரிந்தது என்று தோன்றியது.

“பண்ணினதா சொன்னீங்களே மேடம்.”

“பொய் சொன்னேன் சார். ப்யூர் ஆசிட்ல மட்டும்தான் பண்ணினேன்.”

கோபப்படுவார் என்று தயாராகப் போயிருந்தேன். கோபப்பட்டார். பேனாவை மேஜையில் வீசினார், அது உருண்டு கீழே விழுந்தது. இந்தக் கட்டுரையை வைத்துத்தான் அவருடைய பதவி உயர்வுக் கோப்பு போயிருக்கிறது. “ஏழு வருசம் மேடம், ஏழு வருசம்” என்று இரண்டு முறை சொன்னார். அது என் ஏழு வருடம் என்று நான் சொல்லவில்லை. பிறகு குனிந்து பேனாவை எடுத்தார்.

“நானும் ஒரு தடவை கூட ரா டேட்டா கேக்கல. கேட்டிருக்கணும்.” பேனாவை மூடி வைத்து, “வாபஸ் வாங்கினா டிசம்பருக்குள்ள வேற பேப்பர் வராது. தெரியுமில்ல?”

“தெரியும் சார்.”

“அஞ்சாவதுக்கு ‘பண்ணியாச்சு’ன்னு ஒரு லைன் எழுதி அனுப்பினா யாருக்கும் தெரியாது. அதுவும் தெரியுமில்ல?”

“அதுவும் தெரியும்.”

“எனக்கு ரெண்டு நாள் குடுங்க” என்றார்.

அக்டோபர் 28, திங்கள்

சாரிடமிருந்து ஒன்றும் இல்லை. சேமித்து வைத்திருந்த அந்த இரண்டு வரியைத் திறந்து பார்த்தேன். அருமையாக எழுதியிருக்கிறேன். என் கட்டுரையிலேயே தடுமாற்றம் இல்லாத வாக்கியம் அதுதான். அழித்தேன்.

அதற்குப் பதில் நான்கு பாட்டிலின் கணக்கையும் எழுதி, நேரே சாருக்கு அனுப்பினேன். ‘கட்டுரையைத் திரும்பப் பெறக் கோருகிறோம்’ என்ற வரிக்குக் கீழே என் பெயரைப் போட்டேன். அவர் பெயருக்கு இடம் விட்டேன்.

அக்டோபர் 30, புதன்

சென்றாயன் தீபாவளிக்கு வாழ்த்துச் சொல்ல போன் செய்தார். வேறு வழியில்லாமல் விஷயத்தைச் சொன்னேன். வெளிச்சம் இல்லாமலேயே கிருமிதான் வாயு தருகிறது என்று.

“அப்ப லைட்டே வேண்டாமுங்களா? கரன்ட்டு மிச்சமுங்!” சந்தோஷமாகச் சிரித்தார். “நல்ல சேதிதானுங்க டீச்சர். நீங்க ஏனுங் எளவு விழுந்தாப்பல பேசறீங்க?”

போனை வைத்த பிறகு எனக்கும் சிரிப்பு வந்தது. நன்றாகச் சிரிக்க முடியவில்லை.

மாலையில் சாரின் மின்னஞ்சல், ஆய்விதழுக்கு. எனக்கு நகல். நான் விட்டிருந்த இடத்தில் அவர் பெயர் இருந்தது. எனக்குத் தனியாக ஒரு வார்த்தை கூட எழுதவில்லை.

நவம்பர் 4, திங்கள்

கட்டுரையைத் திருத்தி அனுப்ப இன்றுதான் கடைசி நாளாக இருந்திருக்கும்.

முதல்வரிடம் போய், டிசம்பருக்குள் பட்டம் வராது என்று நானே சொன்னேன். “இன்னும் ரெண்டு மாசம் இருக்கே?” என்றார். வராது என்றேன். பட்டியலில் மூன்றாவது பெயருக்கு நேராக ஒரு டிக் அடித்தார். பாடத்திட்டத்தை யாரிடம் ஒப்படைப்பது என்று கேட்டார். கேன்டீனில் போய் உட்கார்ந்து டீயை ஆறவிட்டுக் குடித்தேன்.

ஆய்வகத்துக்குப் போனேன். பதிவு முடிய இன்னும் ஐம்பத்தேழு நாள் இருக்கிறது, சாவி கேட்டால் பச்சையம்மாள் தருவார். வேகவைத்த தண்ணீரில் இரண்டாம் முறையாகப் போன வியாழன் காலையில் வைத்திருந்தேன், தீபாவளி அன்று, எண்ணெய் தேய்த்த தலையோடு வந்து. இருட்டில் பூஜ்யம். வெளிச்சத்தில் நான்கு. போன முறையும் நான்கு. பூஜ்யத்தை விட்டால், ஏழு வருடத்தில் முதல் தடவையாக ஒரே எண் இரண்டு முறை வந்திருக்கிறது.

வீட்டில் அவர் கதவைத் திறக்கும்போதே கேட்டார். “எவ்வளவு வந்துச்சு?”

“நாலு மில்லி.”

“அறுபத்துநாலுன்னு அல்வா எல்லாம் வாங்கிட்டு வந்தியே?”

“அது கிருமியோடதுங்க. இந்த நாலுதான் என்னுது.”

அவர் என் கையிலிருந்த பையை வாங்கி வைத்தார். அந்த வாசனை அடித்திருக்கும், முகம் சுளிக்கவில்லை.

“நெசமாவா?”

“நெசமா.”